நார்மல் என்று பெயர் கொண்ட கோப்பு

பைசாந்தூவில், ஆற்றங்கரைக்கு மூன்று தெரு தள்ளி
பத்திரம் எழுதும் சுல்மா எட்செவெர்ரியின் அலுவலகம்.
போனில் அவள் சொன்ன புகார்:
கருவிப்பட்டை இருக்கிற இடத்தில் இருப்பதில்லை.
மேலே கொண்டுபோய் ஒட்டினால் ஒட்டிக்கொள்கிறது.
மூடித் திறந்தால்
பக்கத்தின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது,
வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி, அசையாமல்.

மழை. பையில் திருப்புளி, ஏழு பிளாப்பி, ஒரு சி.டி.
வேர்ட், தொண்ணூற்றேழாம் வருடத்தது.
நடப்பது இரண்டாயிரத்து ஒன்பது.
புதுசு போட்டுவிடலாமே என்றேன்.
"வாஷிங்டன்," என்றாள்
(என் பெயர் அது; உருகுவாயில் ஊருக்குப் பத்துப் பேர்)
"என் மூக்கையும் மாற்றிவிடேன்."
மாத்தே குடுவையை என் பக்கம் நகர்த்தினாள்.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன்.
விளிம்பைப் பிடித்து இழுத்து மேலே விட்டேன். அடங்கியது.
மூடினேன். திறந்தேன்.
'விற்பவர் தமக்குப் பாத்தியப்பட்ட நிலத்தை' என்ற வரிமேல்
குறுக்கே படுத்திருந்தது.
ரீசெட் கொடுத்தேன். படுத்திருந்தது.
கணினியை அணைத்து, பத்து எண்ணி, எழுப்பினேன்.
அதுவும் எழுந்தது.

அப்போதுதான் கடைசிப் பொத்தானைப் பார்த்தேன்.
கத்தரிக்கோல், தூரிகை, அச்சுப்பொறி,
அப்புறம் வலக்கோடியில்
ஒரு மஞ்சள் முகம், சிரித்துக்கொண்டு.
கம்பெனிக்காரன் வைத்ததில்லை.
அழுத்தினேன்.
கர்சர் கிடுகிடுவென ஓடித் தானே எழுதியது:
'மணமாகாமலும் மக்கள் இன்றியும் காலமானார்.'

"தார்தோ செய்தது," என்றாள் சுல்மா.
"பதினோரு வருடம் இந்த நாற்காலியில் இருந்தான்.
வாரிசுப் பத்திரத்தில் அடிக்கடி வேண்டிய வரி.
ஏனடா இந்த முகம் என்றேன்.
மிச்சமிருந்தது இதயமும் சாவியும்தான் என்றான்."
இப்போது?
"சால்ட்டோவில் பேக்கரி. கொழுத்துப்போய் இருக்கிறான்.
நீ ஏன் செத்தவனை விசாரிப்பதுபோல் கேட்கிறாய்?"

வைத்தியம் தெரிந்ததுதான்.
நார்மல் என்று பெயர் கொண்ட ஒரு கோப்பு உண்டு.
பழக்கவழக்கம் எல்லாம் அதற்குள்.
அதன் பெயரை மாற்றிவிட்டால்
வேர்ட் தேடும், காணாது,
அலட்டிக்கொள்ளாமல் வேறொன்று செய்துகொள்ளும்.
(தத்துவம் வேண்டாம். மணி பன்னிரண்டு. பசி.)

மாற்றினேன்.
பட்டை மேலே போய் நின்றது,
இஸ்திரி போட்ட சட்டைபோல.
மூடினேன், திறந்தேன், நின்றது.
முகத்தைக் காணோம்.

சுல்மா பாதியில் கிடந்த பத்திரத்தை அடிக்க உட்கார்ந்தாள்.
ஓரிடத்தில் அவள் கை மவுஸோடு வலக்கோடிக்குப் போய்
வெறும் சாம்பல் நிறத்தை ஒருமுறை அழுத்தியது.
இன்னொரு முறை.
பிறகு அந்த வரியை எழுத்தெழுத்தாக அடித்தாள்.
'மணமாகாமலும்' என்பதில் ஒரு பிழை விழுந்தது.
திருத்தினாள். என்னைப் பார்க்கவில்லை.

பழையதை நான் அழித்திருக்கவில்லை.
அதிலிருந்து பட்டையை மட்டும் இங்கே எடுத்துவர
உள்ளே ஒரு வழி இருக்கிறது.
எடுத்துவந்தேன். முகம் வந்தது.
மூடித் திறந்தபோது
அதன் புத்தியும் கூடவே வந்திருந்தது:
நடுப்பக்கம்.

பொத்தானைப் புதிதாகவே செய்து தருகிறேன், பத்து நிமிஷம் என்றேன்.
அவள் குடுவையில் வெந்நீர் ஊற்றினாள்.
ஊற்றிவிட்டு, பட்டையைத் தானே பிடித்து
இடப்பக்க ஓரத்துக்கு இழுத்துப்போய் விட்டாள்.
நெட்டுக்குத்தாக நின்றது. முகம் அடியில்.
மூடினாள். திறந்தாள்.
நின்றது.

ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.
ரசீதில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதி
பாதிக் கட்டணம் வாங்கிக்கொண்டேன்.
குடையை விரிக்கும்போது உள்ளே ஒரு க்ளிக் கேட்டது.
யாரோ ஒருவர்,
மணமாகாமல், மக்கள் இன்றி.